இறக்கத்தில் விரிந்த ஷூ

அளவெடுத்தது நான்தான். பழைய டைப்ரைட்டிங் தாளைப் பாதத்தின் கீழே வைத்து, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து, குதிகாலில் தொடங்கிக் கோடு சாயாமல் வரைந்தேன். இரண்டு முறை சரிபார்த்தேன். கல்யாண மாப்பிள்ளையான என் திருப்பதி அண்ணன் அப்போது கட்டிலில் உட்கார்ந்திருந்தான். எழுந்து நின்றால் பாதம் விரியும் என்பது ஷூ வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

அது எழுபத்தொன்பதாம் வருடம், ஆனி மாதம். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பந்தலுக்குப் புறப்படும்போது பெண்ணின் சகோதரன் குனிந்து ஷூவை மாட்டிவிட வேண்டும். ஊரே பார்த்துக்கொண்டிருக்கும். ஏறாவிட்டால் அந்தச் சிரிப்பு வருடக்கணக்கில் ஓயாது. கல்யாணப் பெண் பொன்னுமணியின் அண்ணன் தவசி, மதுரையில் என் தாளைக் காட்டி ஷூ வாங்கி, வியாழக்கிழமை தன் ஊரான சிலமலையிலிருந்து கொண்டுவந்தார். மாலை வகுப்பு முடிந்து நான் ஏழு மணிக்கு வீட்டுக்கு வந்தபோது, அண்ணன் ஒரு காலைப் பாதி திணித்தபடி முற்றத்தில் நின்றான்.

"என்ன மாப்ளே, எனக்கு எடுத்தியா, என் தங்கச்சிக்கு எடுத்தியா?" என்று தவசியிடம் கேட்டான்.

"தாள்ல இருந்த அளவுதான் மச்சான். மாத்திக் கொண்டாந்துர்றேன்."

"கல்யாணத்துக்கு எடுத்ததைக் கடையில திருப்பிக் குடுப்பாங்களா? விளங்குமா அது? நாளைக்கு நீயே போட்டு நட. உன் காலு என் காலைவிட அகலம். தானா விரியும்."

தவசி ஷூவையே பார்த்தார். "சனிக்கிழமை மதுரையில போலீசு செலக்சன் இருக்கு மச்சான். ஓடணும். அது முடிஞ்சதும் எத்தனை நாள் வேணும்னாலும் நடக்குறேன்."

கல்யாணம் அதற்கடுத்த வெள்ளிக்கிழமைதான். நாள் இருந்தது. தவசிக்குத்தான் நாள் இல்லை. இந்த முறை தவறினால் வயது கடந்துவிடும்.

"நாளைக்கு நடக்கணும்," என்றான் அண்ணன். "இல்லேன்னா பொண்ணை நீங்களே வச்சுக்கங்க."

தவசி தலையாட்டிவிட்டுப் போனார். பிறகு நான் அண்ணனிடம் சொன்னேன்: "தப்பு என்னோடது அண்ணே. உன்னை நிக்கவச்சு அளந்திருக்கணும்." சொல்லிவிட்டால் சரியாகிவிடும் என்று நம்பினேன்.

"அது தெரியாதா எனக்கு?" என்றான். "போலீசாயிட்டா என் முன்னாடியே லத்தியைச் சுத்திக்கிட்டு நிப்பான். இப்பவே கொஞ்சம் குனியட்டும். நீயும் வா நாளைக்கு. உன் அளவுதானே."

மறுநாள் காலை அண்ணன் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிய தன் ஜீப்பில் எங்களையும் ஏற்றிக்கொண்டான். மலை உச்சியில் போடிமெட்டில் ஆட்கள் இறங்கியதும் தவசியை ஷூ போடச் சொன்னான்.

"ஏத்தத்துல நடந்தா பிரயோசனம் இல்ல மாப்ளே. இறக்கத்துலதான் விரல் முட்டும். முன்பக்கம் நல்லா விரியும்."

தோட்டத்துக்கு வந்த முனியாயி கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்தாள். "ஏப்பா, மாப்ளைக்கு வாங்குன சூவுல மச்சினன் ஊர்கோலம் போறாராக்கும்!" எல்லோரும் சிரித்தார்கள். தவசியும் சிரித்தார்.

அண்ணன் ஒவ்வொரு வளைவிலும் முன்னால் போய் ஜீப்பை நிறுத்திக் காத்திருந்தான். நான் தவசியோடு நடந்தபடி வளைவுகளை எண்ணினேன். நாலாவது வரை தவசி நேராக நடந்தார். ஏழாவதில் பாதத்தின் வெளி ஓரத்தை ஊன்ற ஆரம்பித்தார். அவர் நின்றால் ஹாரன் அடித்தது.

பத்தாவது வளைவில், எதிரே வந்த லாரி டிரைவரோடு பேச அண்ணன் இறங்கிப் போனான். தவசி தடுப்புச் சுவரில் உட்கார்ந்தார்.

"சுருளி, அவரு வர்றதுக்குள்ள கொஞ்சம் கழட்டிக்கிறவா?"

"கழட்டாதீங்க. கால் வீங்கிரும். அப்புறம் திரும்ப ஏறாது."

சொன்னது சரிதான். இப்போது யோசித்தாலும் அதில் தவறு இல்லை. ஆனால் அந்த நேரம் போடிக்குப் போகும் பஸ் ஒன்று எங்களைக் கடந்தது. கை காட்டியிருந்தால் நின்றிருக்கும். "ஏறிப் போயிருங்க" என்று என் வாயில் வரவில்லை. அண்ணனுக்குப் பயந்தேனா, ஷூ விரியாவிட்டால் என் தப்பு அப்படியே நிற்கும் என்று பயந்தேனா? இரண்டும் இருக்கலாம். எது அதிகம் என்றுதான் தெரியவில்லை.

மலையடிவாரத்தில் முந்தலுக்கு வந்தபோது தவசியால் ஷூவைக் கழற்ற முடியவில்லை. அண்ணன்தான் பிடித்து இழுத்தான். காலுறை விரல்களோடு ஒட்டியிருந்தது. அண்ணன் ஷூவுக்குள் கையை விட்டுப் பார்த்தான். கையில் பட்டதைத் தவசியின் சட்டையில் துடைத்தான்.

"ஈரந்தான். ஒரு வெயில்ல காஞ்சிரும்."

அடுத்த வெள்ளிக்கிழமை, கூடிநின்றவர்கள் பார்க்க, தவசி என் அண்ணனின் காலடியில் குனிந்தார். அவர் கால்விரல் இரண்டில் நகம் இல்லை. மண்டியிட முடியாமல் ஒரு கையைத் தரையில் ஊன்றிக்கொண்டார். ஷூ ஒரே தள்ளில் ஏறியது.

"மதுரைக்குப் போனியேப்பா, என்னாச்சு?" என்று ஜக்கையன் மாமா கேட்டார்.

தவசி வாய் திறப்பதற்குள் அண்ணன் சொன்னான்: "ரெண்டாவது சுத்துலயே உக்காந்துட்டாராம். அய்யாவுக்குக் காலு வலிச்சிருச்சாம்!"

கூட்டம் சிரித்தது. நான் தாம்பாளத்தைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றேன்.

"விடு மாப்ளே," என்றான் அண்ணன், அடுத்த காலை நீட்டிக்கொண்டே. "ஜீப்புக்குப் பின்னால தொங்கிக்கிட்டு ஆள் ஏத்த எனக்கு ஒருத்தன் வேணும். திங்கக்கிழமை அஞ்சு மணிக்கெல்லாம் வெரசா வந்துரு."

தவசி கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டார். பந்தலில் பொன்னுமணியை மணையில் உட்காரவைத்துவிட்டார்கள் என்று யாரோ வந்து சொன்னார்கள்.

"திங்கக்கிழமை எங்க வந்து நிக்கணும் மச்சான்?" என்று தவசி கேட்டார்.