அமுதினிக்கு ஒரு பக்கம்

“நாலு பாகமா ரத்தத்தைத் தவிர வேற ஒண்ணும் குடிக்கல. இவனுக்குக் கால் வீங்காதா?” என்று கேட்டார் ரோஷன் பேகம்.

அவருடைய இடக்கையிலிருந்து புறப்பட்ட குருதி மெல்லிய குழாய் வழியே இயந்திரத்துக்குச் சென்று, தூய்மை பெற்று, மற்றொரு குழாய் வழியே அதே கைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. தில்லைநகர் மருத்துவமனை ஒன்றின் டயாலிசிஸ் பிரிவு அது. சிறுநீரகம் கைவிட்டவர்கள் வாரம் மும்முறை வந்து படுக்கும் அறை. சன்னலோரக் கட்டிலில் ரோஷன் பேகம். மலைக்கோட்டைக்குக் கீழே துணிக்கடை வைத்திருக்கும் குடும்பத்தவர். நடுக் கட்டிலில் ஸ்ரீரங்கத்துத் தமிழாசிரியர் லக்ஷ்மணன். அதற்கப்பால், துவாக்குடிப் பட்டறை ஒன்றில் ஃபிட்டராக இருக்கும் ரெங்கநாதன்.

“உப்பை மறந்துட்டீங்களேக்கா,” என்றார் ரெங்கநாதன். “ரத்தம் கரிக்குமில்ல? ராத்திரிக்கு ரெண்டு ஆளுன்னு வெச்சாக்கூட விடியறதுக்குள்ள மூச்சு முட்டிடும். இதை எழுதினவங்களுக்கு நம்ம டயட் சார்ட்டைக் குடுத்து அனுப்பணும்.”

குடிக்கும் நீரை அளந்து அருந்துவோரின் கண்டனம் இது. இதற்கு மறுப்புரைக்க எந்த நாவலாசிரியராலும் இயலாது.

அவர்கள் பேசிக்கொண்டிருந்தது வேள்நம்பி என்னும் ரத்தக் காட்டேரியைப் பற்றி. நாயக்கர் காலத்தில் இறந்தும் இறவாதவனாகி, இன்றைய திருச்சியில் இரவு நேர ஆட்டோ ஓட்டுகிறவன். அவனைப் பற்றிய நாவல் வரிசை நான்காம் பாகத்தை எட்டியிருந்தது. புத்தகங்களை ரோஷன் பேகம்தான் கொண்டுவந்தார். ஊசி குத்திய கையை அசைக்கக் கூடாது. தடித்த நூலை ஒற்றைக் கையால் தாங்கவும் முடியாது. ஆகவே டெக்னீஷியன் ரிஃபானா ஒவ்வொரு பாகத்தையும் முதுகில் கீறிச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்துத் தைத்துக் கொடுத்திருந்தார். சன்னலோரக் கட்டிலில் முடிந்த துண்டு நடுக் கட்டிலுக்கு வரும். அங்கிருந்து ரெங்கநாதனுக்கு. பின்னர் கண்ணாடிக் கதவைத் தாண்டி, உடன் வந்தவர்கள் காத்திருக்கும் கூடத்துக்குச் சென்று மறையும்.

முதல் துண்டு தம் கட்டிலுக்கு வந்த நாளில் லக்ஷ்மணன் அதைத் திறவாமலே அடுத்த கட்டிலுக்குக் கடத்தினார். விடியலில் பெருமாள் சந்நிதியில் பாசுர கோஷ்டியில் நின்று ஓதும் வழக்கமுள்ளவர். பழந்தமிழ்ப் பாடல்களை மனப்பாடமாகச் சொல்லித் தருகிறவர். காட்டேரிக் கதைக்கு அவரிடம் இடமேது? ஆயினும் இருபுறமும் நடந்த வாதம் அவரை விடவில்லை. காட்டேரி ஓடும் நீரைக் கடக்கக் கூடாது என்பது அந்நூலின் விதி. அவ்வாறெனில் அவன் காவிரியைக் கடந்து ஸ்ரீரங்கத்துக்கு வந்தது எங்ஙனம்?

“சித்திரை மாசம் வந்தான் சார்,” என்றார் ரெங்கநாதன். “ஆத்துல ஏது தண்ணி? ஹாயா மணல்ல நடந்து வந்திருக்கான்.”

“அப்புறம் தண்ணி திறந்து விட்டுட்டாங்க,” என்று தொடர்ந்தார் ரோஷன் பேகம். “இந்தப் பக்கம் காவிரி, அந்தப் பக்கம் கொள்ளிடம். ரெண்டும் ஓடுது. மாட்டிக்கிட்டான் உங்க ஊர்ல. மூணாம் பாகம் பூரா தவிக்கிறான் பாருங்க, பாவம்!”

இரு நதிகள் மாலையெனச் சூழ்ந்த தம் ஊர், ஒருவனுக்குச் சிறையாகவும் கூடும் என்று அவர் அதுவரை எண்ணியதில்லை. எழுதியவர் ஊரறிந்தவர்தாம் என்று தோன்றியது. அன்று கை நீட்டி வாங்கிய துண்டைப் பிறகு அவர் விடவேயில்லை. நான்கு பாகங்களையும் படித்துத் தீர்த்தார். இப்போது மூவரும் கடைசித் துண்டையும் முடித்திருந்தனர். அதைப் பற்றிய தீர்ப்புதான் அன்று காலை அறையில் நடந்துகொண்டிருந்தது.

நான்காம் பாகத்தின் முடிவு இது. நெடுநாள் குருதியின்றி வேள்நம்பி மெலிந்து போகிறான். அவனை நேசிக்கும் அமுதினி, இரவுப் பணி பார்க்கும் செவிலி, தன் மணிக்கட்டை அவன்முன் நீட்டுகிறாள். அவன் அக்கையை மெல்ல விலக்குகிறான். ஸ்ரீரங்கத்துக் காவிரிக்கரை அம்மா மண்டபத்துப் படித்துறையில் கிழக்கு நோக்கி அமர்கிறான். கதிர் எழுகிறது, அவன் சாம்பலாகிறான். அவ்வளவில் புத்தகம் முடிகிறது. பின்னட்டையில் ஐந்தாம் பாகத்துக்கான அறிவிப்பு.

“ஏமாத்து வேலை,” என்றார் ரெங்கநாதன். “நாலு பாகம் படிச்சவன் இதுக்கா படிச்சான்? ஹீரோவைக் கொன்னுட்டு அஞ்சாம் பாகத்துல யாரை வெச்சு ஓட்டுவாங்க?”

“சாகட்டும், அது விதி,” என்றார் ரோஷன் பேகம். “ஆனா அந்தப் புள்ள கையை நீட்டிக்கிட்டு நிக்குது. இவன் பாட்டுக்கு எந்திரிச்சுப் போறான். அதான் எனக்கு வயிறெரியுது. சார், நீங்க சொல்லுங்க. வாத்தியாரு எத்தனை மார்க் போடுறீங்க?”

லக்ஷ்மணன் தலையணையில் சற்று நிமிர்ந்தார். “மற்ற மூணு பாகத்தைப் பத்தி எனக்குப் பெரிய அபிப்பிராயம் இல்லை. ஆனா இந்த முடிவு உசத்தியானது. பிறரை வருத்தித் தன் உயிரைக் காத்துக்கறவன் எங்கேயும் கிடைப்பான். தானா வந்து ஒருத்தி குடுக்கறச்சேயும் வேண்டாம்னு சொல்றவன் அபூர்வம். மானம்னா அதுதான். பழைய புலவர்கள் பாடின தலைவர்கள் வரிசையில இவனையும் கூசாம உட்கார்த்தி வைக்கலாம்.”

அந்தத் தீர்ப்பு எங்கிருந்து வருகிறதென்று மற்ற இருவருக்கும் தெரியும்.

மாற்றுச் சிறுநீரகம் பொருத்தலாம் என மருத்துவர் கூறி ஓராண்டு கடந்திருந்தது. லக்ஷ்மணனின் மனைவி சகுந்தலா அன்றே தருவதாகச் சொன்னாள். சோதனைகளும் பொருந்தின. மறுத்தவர் லக்ஷ்மணன் ஒருவரே. ஈவது உயர்ந்தது, ஏற்க மறுப்பது அதனினும் உயர்ந்தது என்னும் பழைய அறத்தில் ஊறியவர் அவர். தமக்காக மனைவியின் உடலில் கத்தி படுவதை நினைக்கவும் அவருக்குக் கூசியது. ஆனால் அவருடைய இதயம் தளர்ந்து வந்தது. இனியும் தாமதித்தால் அறுவையைத் தாங்கும் வலு இராது. திங்கட்கிழமை முடிவைச் சொல்லிவிடுங்கள் என்று சென்ற வாரம் மருத்துவர் கண்டிப்பாகக் கூறியிருந்தார்.

“மானமா?” என்றார் ரோஷன் பேகம். “ஏன் சார், எங்க அண்ணன் குடுக்கறேன்னு வந்து நின்னாரு. அவருக்குச் சர்க்கரைன்னு டாக்டரே அனுப்பிட்டாங்க. எனக்குக் குடுக்க ஆளில்லாம நான் கெடக்கேன். குடுக்க ஆள் இருந்தும் ஒருத்தன் வெயில்ல போய் உட்கார்ந்தா அவனுக்கு நான் கைதட்டணுமா?”

“அக்கா, நாம பேசுறது கதை,” என்று ரெங்கநாதன் இடைமறித்தார்.

“நானும் கதையைத்தான் சொல்றேன்,” என்றார் ரோஷன் பேகம், லக்ஷ்மணனை நேரே பார்த்து.

லக்ஷ்மணனுக்குச் சினம் எழவில்லை. ஓர் ஐயம்தான் எழுந்தது. ஒரே முடிவு, ஒரே சொற்கள். தமக்குச் சிலிர்ப்பைத் தந்த பக்கம் அடுத்த கட்டிலில் கிடப்பவருக்கு ஏன் வயிற்றெரிச்சலைத் தந்தது? நூலில் தாம் காணாத ஏதோ ஒன்றை அவர் கண்டிருக்கிறார். அதை அவரால் சொல்ல முடியவில்லை. தம்மாலும் ஊகிக்க முடியவில்லை.

அந்நேரம் இயந்திரத்தில் மணி ஒலித்தது. லக்ஷ்மணனின் முறை முடிந்தது. ரிஃபானா வந்து குழாய்களைக் கழற்றி, ஊசிகளை ஒவ்வொன்றாக உருவினார். உருவிய இடத்தைப் பஞ்சு வைத்துச் சிறிது நேரம் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். இல்லையேல் குருதி பீறிடும். லக்ஷ்மணனின் மறு கை அண்மையில் நடுங்கத் தொடங்கியிருந்ததால், அதற்காக மட்டும் சகுந்தலாவை உள்ளே அழைப்பது வழக்கமாகியிருந்தது.

சகுந்தலா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வந்தாள். கட்டிலோரம் நின்று, கணவரின் முழங்கைக்குக் கீழே பஞ்சின்மேல் கட்டைவிரலைப் பதித்தாள். அவளுடைய மறு கையில், மடித்த செய்தித்தாளுக்கு இடையே, நான்காம் பாகத்தின் கடைசித் துண்டு எட்டிப் பார்த்தது.

“அடடே, மாமியும் முடிச்சாச்சா?” என்றார் ரெங்கநாதன்.

லக்ஷ்மணன் வியந்து பார்த்தார். துண்டுகள் கதவுக்கு அப்பால் செல்வதை ஒவ்வொரு முறையும் கண்டவர், அங்கே அவற்றைப் படிப்பவர் யாரென்று எண்ணியதேயில்லை. “நீ இதையெல்லாம் படிக்கறயா?”

“பின்னே? நாலு மணி நேரம் அந்தச் சுவத்தையே பார்த்துண்டிருக்கச் சொல்றேளா? முதல் பாகத்துலேர்ந்து படிக்கறேன்.”

“அப்ப மாமி சொல்லட்டும்,” என்றார் ரோஷன் பேகம். “சாருக்கு முடிவு ரொம்பப் பிடிச்சிருக்காம். உங்களுக்கு?”

சகுந்தலா கணவரின் முகத்தைப் பார்க்கவில்லை. தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். “கதை நன்னாத்தான் இருக்கு. அவன் வேண்டாம்னு சொன்னானே, அதைக்கூட நான் தப்புன்னு சொல்லலை. அவனோட உசிர், அவனோட இஷ்டம். ஆனா எழுதினவா ஒண்ணை விட்டுட்டா.”

“என்னத்தை?” என்றார் லக்ஷ்மணன்.

“அவன் படியில சாம்பலாப் போறான். சூரியன் வரது. முற்றும். அந்தப் பொண்ணு அங்கேதானே நின்னுண்டிருக்கா? அவ அந்தப் படியேறித் தன்னோட ஆத்துக்குப் போகணுமோல்யோ? பூட்டைத் திறக்கணும். பால் பாக்கெட் வாசல்ல கிடக்கும், எடுத்துக் காய்ச்சணும். ஒரு டம்ளரா ரெண்டு டம்ளரான்னு கை தானா யோசிக்கும். அன்னிக்கு ராத்திரி டியூட்டிக்குப் போனாளா, இல்லையா? அதுக்கு ஒரு பக்கம்கூட இல்லையே! அவன் சிரிச்ச முகமா உட்கார்ந்திருந்ததுக்கு மட்டும் ஆறு பக்கம்.”

“அதான்!” என்று ரோஷன் பேகம் தலையணையில் தட்டினார். “அல்லாவே, இதைத்தான் சொல்லத் தெரியாம இவ்வளவு நேரமா முட்டிக்கிட்டுக் கெடந்தேன்.”

“அஞ்சாம் பாகத்துல எழுதுவாங்க மாமி,” என்றார் ரெங்கநாதன் ஆறுதலாக.

“அஞ்சாம் பாகத்துல வேற காட்டேரி வருவான்,” என்றாள் சகுந்தலா. “இவளைப் பத்தி யார் எழுதப்போறா?”

லக்ஷ்மணன் கண்களை மூடிக்கொண்டார். வகுப்பில் எத்தனை முறை கரும்பலகையில் எழுதியிருக்கிறார்: கையறுநிலை. தலைவன் வீழ்ந்தபின் எஞ்சியோர் செயலற்று வருந்துவதைப் பாடும் துறை. முன்னோர் தலைவனின் வீழ்ச்சியோடு நாவை அடக்கிக்கொண்டவர்கள் அல்லர். வீழ்ந்தவனுக்கு ஒரு பாட்டு என்றால், அவனை இழந்து நின்ற மனைவிக்கும் பாணனுக்கும், அவன் ஊரில் பூத்தும் சூடுவாரற்றுக் கிடந்த பூவுக்கும்கூடப் பாட்டு வைத்தார்கள். மறுத்தவனின் மேன்மையைப் போற்ற அந்த மரபைத் துணைக்கழைத்தவர், அம்மரபின் பாதியை வெளியே நிறுத்திவிட்டுத்தான் அழைத்திருக்கிறார். புத்தகம் எங்கே முடிந்ததோ, அங்கேயே தம் சிந்தனையும் முடிந்திருக்கிறது. ஓராண்டாக, தாம் இல்லாத மறுநாள் காலையை அவர் ஒருமுறையும் எண்ணிப் பார்த்ததில்லை. அந்தக் காலையைத் தன் கையால் திறக்கவேண்டியவள் எதிரே நின்றுகொண்டிருந்தாள்.

கண் திறந்தார். “சகுந்தலா, திங்கட்கிழமை டாக்டர்கிட்டப் போலாமா?”

“எதுக்கு?”

“நீ சொன்னயே, போன வருஷம்... அது விஷயமா.”

“எது விஷயமா?”

ரெங்கநாதன் அவசரமாகக் கண்களை மூடி உறங்குபவர்போல் கிடந்தார். ரோஷன் பேகம் அவ்வளவு நாகரிகம் பாராட்டவில்லை. நன்றாகத் தலையைத் திருப்பிப் பார்த்தார். பெருமாளிடமன்றி வேறெவரிடமும் இன்னது தா என்று வேண்டியதில்லை என்பது அவருடைய இதுநாள் வரையான பெருமிதம். பள்ளியில் பதவி உயர்வைக்கூட அவர் கேட்டதில்லை.

“உன்னோட கிட்னியில ஒண்ணை எனக்குத் தரயா?” என்றார்.

சகுந்தலாவின் கட்டைவிரல் அசையவில்லை.

“தரேன்,” என்றாள். பிறகு குரல் தாழ்ந்தது. “ஆனா எனக்கு ரொம்பப் பயமா இருக்கு.”

லக்ஷ்மணன் திகைத்தார். “பயமா? இத்தனை நாளா நீ சொல்லவேயில்லையே?”

“எப்படிச் சொல்றது? நீங்க வேண்டாம் வேண்டாம்னு நின்னுண்டிருந்தேள். நான் பயம்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அதையே பிடிச்சுண்டு ஒரேயடியா முடிச்சிருப்பேளே. அதனால தைரியசாலி மாதிரி இருந்தேன். முடியலை.”

பிறரை வருத்தலாகாது என்று தாம் காத்துவந்த உறுதி, இவளை ஓராண்டு முழுதும் தன் அச்சத்தையும் வாய்விட்டுச் சொல்லவொட்டாமல் நிறுத்தியிருந்தது. அவர் அவள் முகத்தைப் புதிதாகக் காண்பவர்போல் பார்த்தார். உரை சொல்லாமல், தீர்ப்புக் கூறாமல், அறிந்துகொள்ளும் விருப்பத்தோடு மட்டும் கேட்டார்.

“எதுக்குப் பயம்? சொல்லு.”

“மயக்க மருந்துக்குத்தான். நடுவுல முழிப்பு வந்துடுத்துன்னா?”

“வராது மாமி,” என்றார் ரிஃபானா, குழாய்களைச் சுருட்டியபடி. “பக்கத்துலயே ஒரு டாக்டர் அதுக்குன்னே உட்கார்ந்திருப்பாங்க.”

“அவர் தூங்கிட்டார்னா?”

ரோஷன் பேகம் சிரித்துவிட்டார். உறங்குவதாக நடித்த ரெங்கநாதனின் தோளும் குலுங்கியது. சகுந்தலா சிரிக்கவில்லை, மெய்யாகவே பதிலுக்குக் காத்திருந்தாள்.

“வேற என்னென்ன கேக்கணுமோ எல்லாத்தையும் திங்கட்கிழமை டாக்டர்கிட்ட நீ கேளு,” என்றார் லக்ஷ்மணன். “உனக்குத் திருப்தியாகற வரைக்கும் நான் வாயைத் திறக்கலை.”

“நிறைய இருக்கு,” என்றாள் அவள். கட்டைவிரலைத் தளர்த்திப் பஞ்சின் அடியில் எட்டிப் பார்த்தாள். மறுபடியும் அழுத்திக்கொண்டு, அடுத்ததைக் கேட்கத் தொடங்கினாள்.