அப்பாவுக்கு எதிர் பெஞ்சு

பதினோரு வருஷமாக மமேர்த்தோ தன் மகள் லெவிசாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. லண்டன் மேடையில் வாரத்துக்கு எட்டு முறை பாடி, நடித்து, முன்பின் தெரியாதவர்களையெல்லாம் அழவைத்தவள், பெற்ற தாயின் அடக்கத்துக்கு வரவில்லை. ஒப்பந்தம் விடவில்லை என்றாள். நல்ல ஒப்பந்தம்! கிழவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. போனில் அவள் குரல் கேட்டால் பேசாமல் தன் தங்கை சியோனியிடம் நீட்டிவிடுவார்.

மணிலாவில் பாட்டுப் போட்டி, ஹாங்காங்கில் ஹோட்டல் மேடை, பிறகு லண்டன் என்று போன அந்த வாழ்க்கையில் கைதட்டலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒவ்வொரு முறை திரை விழும்போதும், "சாப்பிட்டியா?" என்று அப்பா கேட்கமாட்டாரா என்றுதான் அவள் ஏங்கினாள். அந்த ஏக்கம் தாங்காமல்தான் ஈஸ்டருக்கு முந்தின இந்தப் பெரிய வாரத்துக்குச் சொந்த ஊரான பத்தங்காசுக்கு வந்து நின்றாள். வந்தவளைக் கிழவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

சியோனி வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டு, திங்கட்கிழமையே ஆண்டவரின் சிலுவைப்பாடுகளைச் செய்யுளாகப் பாட ஆரம்பித்திருந்தார்கள். எதிரும் புதிருமாக இரண்டு பெஞ்சு. ஒரு பெஞ்சு ஒரு செய்யுள் பாடினால் மறு பெஞ்சு அடுத்ததைப் பாடவேண்டும். புதன் வரைக்கும் பாட்டு நடுவில் நிற்கக்கூடாது. செவ்வாய் மத்தியானம், பாடிக்கொண்டிருந்த கிழவருக்கு எதிர் பெஞ்சுக்காரர்கள் நூடுல்ஸ் சாப்பிட எழுந்ததும் சியோனி லெவிசாவைத் தள்ளினாள்.

"போய் உக்காருடி. பேச்சுக்குப் பதில் சொல்லமாட்டாரு, சரி. பாட்டுக்குச் சொல்லித்தானே ஆகணும்?"

லெவிசா உட்கார்ந்தாள். அப்பா புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவர் செய்யுள் முடிந்ததும் இவள் எடுத்தாள். பயத்தில் தெரிந்ததெல்லாம் மேடைக்குரல்தான். அது கணீரென்று எழும்பியதும் அடுப்படியில் இருந்தவர்கள் கரண்டியோடு ஓடிவந்தார்கள், போனைத் தூக்கிப் பிடித்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் கையே தட்டிவிட்டார்.

"டிக்கெட் இல்லாமலே பாத்துட்டோம்" என்றார்.

ஆண்டவரின் பாடுகளுக்குக் கைதட்டுவார்களா யாராவது? மமேர்த்தோ தன் முறையை விட்டுவிட்டு, பக்கத்தில் இருந்த சலூத் அம்மாளுக்குச் சைகை காட்டினார். அவள் பதில் செய்யுளைப் பாடினாள். லெவிசாவுக்கு அத்தனை பேர் முன்னால் அறை வாங்கியதுபோல இருந்தது.

சியோனி இஞ்சித் தண்ணீர் கொடுக்கிற சாக்கில் குனிந்தாள். "இதென்ன கச்சேரியா? உங்கம்மா மடியில உக்காந்து பாடுவியே, அப்படிப் பாடு."

மறுபடி இவள் முறை. சிலுவைக்குப் போகும் மகனை வழியனுப்பும் தாயின் பகுதி அது. லெவிசா மேடைக்குரலைக் கைவிட்டாள். மூக்கால் இழுக்கிற அந்தப் பழைய ஊர் மெட்டு எங்கிருந்தோ தானாக வந்தது. யாரும் போனைத் தூக்கவில்லை. மூன்றாவது வரி பாதியில் மூச்சு முட்டி, ஒரு வாய்க் காற்றை விழுங்கிவிட்டு மிச்சத்தைப் பாடினாள்.

சலூத் அம்மாள் வாயைத் திறந்தாள். மமேர்த்தோ கையைக் காட்டித் தடுத்தார். ஆனால் அவரும் பாடவில்லை. பாட்டு நின்றுபோனது. சியோனி பதறிப்போய்ச் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள்.

கிழவர் கண்ணாடியைக் கழற்றினார். "மூணாவது வரிக்கு நடுவுல யாராச்சும் மூச்சு விடுவாங்களா?"

"தப்புதான்ப்பா" என்றாள் லெவிசா.

"உங்கம்மாகிட்டயும் நாப்பது வருஷம் சொன்னேன். கேட்டாளா?"

கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு, மகளுக்குப் பதில் செய்யுளை எடுத்தார். முதல் வரி, இரண்டாம் வரி பிசகாமல் போனது. மூன்றாவது வரிக்கு நடுவில் நிறுத்தி, அவரும் மூச்சு விட்டார்.