கறுத்த மோதிரம்

1984 ஏப்ரல் 17, செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, தாராவியில் ஒரு தோல் பட்டறையின் கழிவுத் தொட்டிக்குள் அடைப்பெடுக்க இறங்கிய முகம்மது ஹனீப் மேலே வரவில்லை. வயது முப்பத்து நான்கு.

மதியம் இரண்டு மணிக்கு, உடலைக் குளிப்பாட்டும் பலகையருகே, தம்பி சலாவுதீன் அவன் விரலிலிருந்த வெள்ளி மோதிரத்தோடு போராடிக்கொண்டிருந்தான். விரல் வீங்கியிருந்தது. சோப்பு தடவித் திருகியதும் வந்தது. மோதிரம் கரிக்கட்டையாகக் கறுத்திருந்தது. தோல் வேலைக்காரன் கையில் எதுதான் சுத்தமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். கற்பூரத் தண்ணீர் ஊற்றிய பிறகும் உடலிலிருந்து அழுகிய முட்டை நாற்றம் போகவில்லை.

முதலாளி உதுமான் அத்தர் குப்பியோடு வாசலில் நின்றார். உடலைச் சுற்றும் கஃபன் துணியும் அவர் வாங்கி வந்ததுதான். டாக்டர் சர்டிபிகேட்டையும் காலையில் அவரே கொண்டுவந்திருந்தார். மாரடைப்பு.

"போலீஸுக்குப் போனா சும்மா விடுவானா? ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயி, கழுத்துல இருந்து தொப்புள் வரைக்கும் கிழிச்சு, ரெண்டு நாள் கழிச்சு மூட்டையாக் கட்டித் தருவான். ஒங்க வாப்பா இருந்தா சம்மதிச்சிருப்பாரா? அஸர் தொழுகைக்கு முன்னால அடக்கிருவோம். இதுல ஒரு சைன் போட்டுரு."

அண்ணனுக்கு முன்பே நெஞ்சுவலி உண்டு, சாவில் சந்தேகமில்லை என்று அவர் நீட்டிய கடிதத்தில் இருந்தது. சலாவுதீன் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டான். அண்ணனுக்கு நெஞ்சுவலி வந்ததே இல்லை.

மூன்று நாள் துக்க வீட்டில் அடுப்பெரியவில்லை. அண்ணன் மனைவி நஸீரா மைனி, கணவனை இழந்தவள் ஒதுங்கியிருக்கும் இத்தாவில், திரைக்குப் பின்னால் இருந்தாள். உதுமான் வீட்டிலிருந்து நெய்ச்சோறும் கறியும் வந்தன. இரண்டாம் நாள் சலாவுதீன் இன்னும் கொஞ்சம் கறி கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

நான்காம் நாள் பட்டறைக்குத் திரும்பினான். அவனுக்கும் அங்கேதான் வேலை. தொட்டியைக் காணோம். ஜல்லி கொட்டி, சிமென்ட் பூசி, மேலே உப்புத் தோல்களை அடுக்கியிருந்தார்கள். சிமென்ட் இன்னும் காயவில்லை. சாக்கடையோரம் போய்க் குனிந்தான். வயிற்றில் ஒன்றுமில்லாமல் போகும்வரை வாந்தி எடுத்தான். எழுந்தபோதும் வாயில் நெய்ச்சோற்று மணம் இருந்தது.

மறுநாள் மாட்டுங்காவில் வக்கீல் வேங்கடசுப்ரமணியனின் எதிரில் உட்கார்ந்திருந்தான்.

"போஸ்ட்மார்ட்டம் கிடையாது. எஃப்.ஐ.ஆர். கிடையாது. போறாததுக்கு ஹார்ட் அட்டாக்னு நீயே எழுதிக் குடுத்திருக்கே. நான் எதை வச்சுண்டுப்பா நஷ்ட ஈடு கேக்கறது?"

"மைனிக்கு ரெண்டும் பொட்டப் புள்ளைங்க சார்."

"அது எவிடன்ஸ் இல்லியே." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போட்டிருந்த சட்டை இருக்கா?"

சட்டையை அன்றைக்கே வெட்டிக் கழற்றிக் குப்பையில் போட்டாயிற்று. மோதிரம் மட்டும் மைனியிடம் இருக்கிறது, அதுவும் கறுத்துப் போய்விட்டது என்றான்.

வக்கீல் நிமிர்ந்தார். "வெள்ளியா? முன்னாடி கறுப்பா இருந்ததோ?"

"இல்ல சார். அன்னைக்குத்தான்."

"தொட்டில இருந்த விஷ வாயு பட்டா வெள்ளி கறுக்கும். லேப்ல காட்டலாம். துடைக்கப்படாது, கழுவப்படாது. காகிதத்தில சுத்தி அப்படியே கொண்டு வா. கூட ஒரு சாட்சியும் வேணும்."

திரும்பும் வழியில் வெயிலுமுத்துவை டீக்கடையில் பிடித்தான். ஹனீபைக் கயிறு கட்டித் தூக்கியவன் அவன்.

"எலே, என்னையவா சாட்சிக்குக் கூப்புடுத? உதுமான் சேட் பேப்பர நீட்டும்போது நானும் அங்கனதான் நின்னேன். கூடப் பொறந்தவன் நீயே நெஞ்சுவலின்னு போட்டுட்ட. நான் எவம்லே?" இருமல் வந்தது. வெகுநேரம் இருமினான்.

"டாக்டர்ட்ட போனியா?"

"சேட்தான் கூட்டிட்டுப் போனாரு. அதே டாக்டருதான்." வெயிலுமுத்து டீயைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு எழுந்து போனான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் திரையருகே நின்று கேட்டான்.

"மைனி, அண்ணன் மோதிரம் எங்க? வக்கீலு கேக்காரு. அந்தக் கறுப்புதான் சாட்சியாம். தொடைக்கக் கூடாதாம்."

திரைக்கு அடியிலிருந்து ஒரு கை நீண்டது. உள்ளங்கையில் மோதிரம் புதுசு போல மின்னியது. விரல் இடுக்கெல்லாம் பல்பொடி.

"பாக்கச் சகிக்கல தம்பி. நாத்தம் வேற. அஞ்சு நாளாத் தேச்சேன்."

மோதிரத்தை வாங்கி மூக்கருகே கொண்டுபோனான். பல்பொடி வாசனைதான் வந்தது.

1985 நவம்பரில், நஷ்ட ஈடு கேட்டுப் போட்ட மனு தள்ளுபடியானது. இறந்தவரின் தம்பி கையெழுத்திட்ட கடிதத்தைத் தீர்ப்பில் மேற்கோள் காட்டியிருந்தார்கள். மோதிரத்தை யாரும் பார்க்கக் கேட்கவில்லை. வக்கீல் அதை ஒரு காகித உறையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.