கீழாநெல்லிச் சாறு

நாத்தனார் தங்கமணி அரிசித் தட்டை நீட்ட, பெண்கள் ஒவ்வொருவராகக் குனிந்து பாலசந்தருக்கு வாய்க்கரிசி போட்டுக்கொண்டிருந்தார்கள். புருஷனின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்சவேணியின் அழுகை சட்டென்று நின்றது. வரிசையின் கடைசியில், வெள்ளைச் சட்டையும் பர்மாப் பெண்கள் கட்டும் கறுப்பு லுங்கியுமாக ராணி நின்றிருந்தாள்.

லத்தா பேட்டையில், பாலசந்தர் வேலை பார்த்த பருப்பு மண்டிக்கு எதிரே டீக்கடை வைத்திருப்பவள். அம்மா தமிழச்சி, அப்பா பர்மாக்காரர். அவள் பேரைக் கேட்டாலே அம்சவேணிக்கு வயிறு எரியும். வீட்டில் டீ வேண்டாம் என்று கிளம்பிப் போய் அங்கே குடிக்கிற மனுஷனைக் கட்டிக்கொண்டால் யாருக்குத்தான் எரியாது?

போன மழைக்காலத்தில் அவருக்கு ரத்தப் பரிசோதனையில் ஈரல் என்சைம் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. குடிப்பழக்கம் கிடையாது. காமாலை இல்லை. ஸ்கேனிலும் ஒன்றும் தெரியவில்லை. டாக்டர்கள் கையை விரித்தார்கள். அம்சவேணிக்கு மட்டும் காரணம் தெரிந்துவிட்டது. அந்த ராணி எதையோ ஊற்றிக் கொடுக்கிறாள்!

மறுநாளே கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து நீட்டினாள். முகம் கோணாமல் ஒரே மடக்கில் குடித்தார். தினமும் அப்படியே குடித்தார். என்சைம் இறங்கவில்லை, ஆனாலும் தன் கையால் கொடுப்பதை அவர் குடிப்பதில் அவளுக்கு ஒரு கர்வம் இருந்தது. நேற்று ஆஸ்பத்திரியில் உயிர் போகும்வரை யாரும் காரணம் சொல்லவில்லை.

ராணி கிட்டே வந்ததும் தங்கமணி தட்டைப் பின்னுக்கு இழுத்தாள்.

"நீங்க யாரு?"

"கோ பாலாவுக்கு டீ குடுக்கறவ."

கோ பாலாவாம்! பர்மியப் பேச்சில் அண்ணன் முறை வைத்து, பேரையும் சொல்லி! கட்டினவளே 'ஏங்க' என்பதற்கு மேல் கூப்பிட்டதில்லை.

"என்னடி ஊத்திக் குடுத்தே அவருக்கு?" என்றாள் அம்சவேணி.

"டீதான் அக்கா. கூட ஒரு துண்டு கருப்பட்டி. வந்ததுமே அதத்தான் கேப்பாரு. வீட்டு மருந்து நாக்க அறுக்குது, அவ முன்னாடி மூஞ்சியச் சுளிச்சா மனசு ஒடஞ்சிருவான்னு சொல்வாரு. எங்க கடைக்கு வந்துதான் சுளிப்பாரு. பாத்துட்டு நாங்கல்லாம் சிரிப்போம்."

வயிறு குளிர்ந்திருக்க வேண்டும். குளிரவில்லை. முன்னைவிட மோசமாக எரிந்தது. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவள் பார்க்காத முகத்தை இவள் தினமும் பார்த்திருக்கிறாள்.

"எப்படிச் சுளிப்பாரு? காட்டு."

"இங்கயா அக்கா?"

"காட்டுன்னு சொல்றேன்ல."

ராணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு ஒரு கண்ணை இறுக மூடி, மூக்கைச் சுருக்கி, உதட்டை ஒரு பக்கமாகக் கோணி, நாக்கைப் பாதி நீட்டினாள். துடைத்த கண்ணீர் மறுபடி வழிந்தது.

அம்சவேணி கண்கொட்டாமல் பார்த்தாள்.

"இன்னொரு வாட்டி," என்றாள்.