தரை தொடாத குதிகால்

சலூன்காரர் தரையிலிருந்து நான்கு விரற்கடை உயரத்தில் நிற்கத் தொடங்கியது ஒரு புதன்கிழமை காலை, வாத்தியார் ஒருவருக்குக் கிருதா ஒதுக்கிக்கொண்டிருந்தபோது. அதற்கு முந்தைய ஆறு வருடமும் அவருடைய வலது குதிகாலில் ஆறாத சர்க்கரைப் புண் இருந்தது. சவரம் முடிந்து கன்னத்தில் தேய்க்கிற படிகாரத்தையே அதிலும் தேய்த்துவந்தார். மரத்துப்போன கால் எரியவில்லை. எரியாததால் குணமாகிறது என்று நம்பினார். இரண்டு மாதத்தில் புண் சுருங்காவிட்டால் காலை எடுக்க வேண்டியதுதான் என்று பெரிய டாக்டர் சொன்ன அன்று, நின்றே பிழைக்கிற அந்த மனிதரின் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் அறையின் நர்ஸ் தன் விடுமுறை நாளில் அவர் வீட்டுக்கே வந்தாள். தரையில் உட்கார்ந்து அந்தக் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

“படிகாரமா? இது என்ன தாடையாண்ணே?”

“கைப்பழக்கம் சிஸ்டர்.”

“நல்லவேளை, பவுடர் போடல,” என்றாள் மனைவி.

சோப்புப் போட்டுக் கை கழுவுவது, ஒட்டிய துணியைப் பிய்க்காமல் உப்புத் தண்ணீரில் நனைத்துக் காத்திருப்பது, சிவப்பும் வாடையும் கூடுகிறதா என்று தினமும் பார்ப்பது என்று ஒவ்வொன்றாகச் செய்து காட்டினாள். பின்மண்டை காட்டும் கண்ணாடியை எடுத்துவரச் சொல்லி, அதில் குதிகாலைக் காட்டினாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“வர்றவங்க முகத்தை எப்படித் தொடுவீங்களோ, அப்படித் தொடுங்கண்ணே. குதிகால்ல மட்டும் பாரம் போடாதீங்க.”

“நிக்காம எப்படிம்மா முடி வெட்டறது?”

வேண்டிக்கொள்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

எட்டு நாள் மனைவிதான் கட்டுப் போட்டாள். ஒன்பதாம் நாள் காலை அவரே உட்கார்ந்தார். துணியை நனைத்தார், ஊருக்கெல்லாம் காட்டிய பொறுமையை முதன்முறையாகத் தன் காலுக்கும் காட்டினார். “மன்னிச்சுக்கோ,” என்றார் அதனிடம். பிறகு கடைக்குப் போனார். கத்தரியை எடுத்ததும் எழும்பினார்.

“கொஞ்சம் குனிஞ்சு வெட்டுங்க,” என்றார் வாத்தியார்.

வேடிக்கை பார்க்க ஆட்கள் கூடினார்கள். இரண்டு பேர் கைகூப்பினார்கள். பிறகு எல்லோரும் அவரவர் வேலைக்குப் போனார்கள்.

இரண்டு மாதம் கழித்துப் பெரிய டாக்டர் புண்ணை அளந்தார். பாதிகூட இல்லை. குனிந்து, குதிகாலுக்கும் தரைக்கும் நடுவே கையை விட்டுப் பார்த்தார். பிறகு ‘அறுவை சிகிச்சை தேவையில்லை’ என்று எழுதினார். ஐந்தாம் மாதம் புண் மூடியது.

நோயாளிகளுக்குக் கொடுக்கும் தாளில், துணியை நனைத்து எடுக்கவும் என்பதற்குக் கீழே, நர்ஸ் இப்போது ஒரு வரி சேர்த்திருக்கிறாள்: சிலருக்குக் கால் தரையை விட்டு எழும்பும், பயப்பட வேண்டாம்.