சுக்கான் கட்டையில் இரண்டு முடிச்சு

பதினேழாம் நம்பர் படகை இன்று மூழ்கடிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து நெய்னா முகம்மதுவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மைமூன் வைத்த ஆப்பம் தட்டிலேயே ஆறிக் கிடந்தது.

"படகு போனாப் போவுது. அதுக்கு ஏன் இப்படி அலையுறீங்க?" என்றாள் அவள்.

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு துறைமுகத்துக்குக் கிளம்பினான். பெண்டாட்டியிடம் சொல்லும்படியான விஷயமா அது!

சண்டைக்கென்று 1915இல் சிங்கப்பூர் தஞ்சோங் ரூவில் கட்டி இறக்கிய தட்டையடிப் படகு அது. முன்பக்கம் முழுக்கக் கதவு. கரையில் ஏறிக் கதவைச் சாய்த்தால் சிப்பாயும் கோவேறு கழுதையும் தடதடவென்று இறங்க வேண்டியதுதான். நெய்னா அதற்குத் தண்டையல், ஆறு ஆட்களுக்குத் தலைவன். வேலாயுதம் அவனுக்கு வலதுகை. பஸ்ராப் போர்முனைக்குப் புறப்பட்ட அன்று மைமூனும் வேலாயுதத்தின் மனைவி பூவம்மாவும் நாகூர் ஆண்டவரை வேண்டிக்கொண்டு, சுக்கான் கட்டையில் ஆளுக்கொரு பச்சைத் துணியில் காசு வைத்து முடிச்சுப் போட்டார்கள். கட்டியவளேதான் அவிழ்த்து, காசைத் தெலோக் ஆயர் தர்காவில் சேர்க்க வேண்டும் என்பது பேச்சு.

இரண்டு வருஷம் மாவு மூட்டையும் மனிதரையும் சேற்றுக்கரைகளில் இறக்கியது படகு. ஒருநாள் சாயங்காலம், மறுநாள் இறங்கும் கரையில் எதிரி பதுங்கியிருப்பதாகச் சேதி வந்தது. முன்னால் நின்று கதவை இறக்குவது தண்டையலின் வேலை. "காய்ச்சலடிக்குதுடா வேலு, நாளைக்கு நீ நில்லு" என்றான் நெய்னா. காய்ச்சலாவது மண்ணாங்கட்டியாவது! பயம். விடிந்ததும் வேலாயுதம் குண்டுபட்டுக் கதவோடு சாய்ந்தான். எழுந்திருக்கவில்லை.

சண்டை முடிந்து படகு சிங்கப்பூருக்கு வந்து, எட்டு மாதம் கப்பல்களுக்குக் குடிதண்ணீர் சுமந்தது. முடிச்சை அவிழ்க்கணும் என்று மைமூன் கேட்கும்போதெல்லாம், அதில் பெண்கள் ஏற முடியாது என்று சாக்குச் சொன்னான். பூவம்மாவைச் சிராங்கூன் ரோட்டில் கண்டால் எதிர்ச்சாரிக்குத் தாவினான். இப்போது படகு மூட்டுக்கு மூட்டு ஒழுகி, உதவாது என்றாகிவிட்டது.

துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி கோவிந்தசாமி தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். "தண்ணிய உள்ள விடுற அடைப்பு அடியில எங்க இருக்குன்னே தெரியல. பெயிண்ட் மேல பெயிண்ட் அடிச்சு மூடிட்டானுங்க."

"எனக்குத் தெரியும். நான் திறந்துவிடுறேன். எனக்குச் சுக்கான் கட்டையை மட்டும் கொடுங்க."

"அது விறகுக்குக்கூட ஆகாதே! எடுத்துக்க போ."

நடுக்கடலுக்கு இழுத்துப் போனதும் நெய்னா அடைப்புகளைத் தட்டிவிட்டான். தண்ணீர் குபுகுபுவென்று ஏறியது. கட்டையோ ஊறி இறுகி, அசைந்து கொடுக்கவில்லை. "குதிடா, குதி!" என்று இழுவைப் படகிலிருந்து கத்தினார்கள். ஆனாலும் இடுப்பளவு தண்ணீரில் நின்று அதைப் பிடுங்கிய பிறகுதான் குதித்தான்.

"என்ன பாய், கப்பலை எங்க விட்டுட்டு வந்தீங்க?" என்று சிராங்கூன் ரோட்டு மாட்டுவண்டிக்காரர்கள் சிரித்தார்கள். சொட்டச் சொட்ட நடந்து பூவம்மாவின் வாசலில் போய்த்தான் நின்றான்.

அவள் முடிச்சைப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது. "ஏண்ணே என்னக் கண்டா ஓடுறீங்க? சாவுக்கு முந்தின ராத்திரி அவர் எழுதின கடுதாசி எனக்கு வந்துச்சு. தண்டையலுக்குக் காய்ச்சல், அதான் கதவுக்கு நான் நிக்கிறேன்னு எழுதியிருந்தாரு. காய்ச்சக்காரரை நிக்கவைக்க முடியுமா? உங்க மேல என்ன தப்பு?"

அப்பாடா என்றிருந்தது நெய்னாவுக்கு. தலையாட்டிவிட்டுத் திரும்பினால் போதும், ஆயுசுக்கும் யாரும் கேட்கப்போவதில்லை.

"காய்ச்சல் இல்ல தங்கச்சி. பயம். பொய் சொல்லித்தான் அவனை நிக்கவச்சேன்."

முடிச்சில் இருந்த அவள் விரல்கள் நின்றுவிட்டன. பிறகு ஈரத்தில் இறுகியிருந்த துணியைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

"என் காணிக்கையை நானே சேர்த்துக்கிறேன். இனிமே இந்த வாசல்ல உங்க நிழல் விழக் கூடாது."

கட்டையை அவன் கையில் திணித்துக் கதவைச் சாத்தினாள். உள்ளே அவள் உடைந்து அழுவது தெருவரைக்கும் கேட்டது.

மிச்சமிருந்த ஒற்றை முடிச்சோடு கட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு நெய்னா வீட்டுக்கு நடந்தான். மைமூனிடமும் சொல்ல வேண்டும்.