எந்தப் பக்கம் தோண்டுவது

பெக்கோ இயந்திரம் மறுபடியும் வீரய்யாவின் வீடு இருந்த இடத்தில் வாயை வைத்தபோது அலவி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அங்கே ஆள் இல்லை என்று அவருக்குத் தெரியும். சரிவின் கீழே நனைந்துகொண்டு நிற்கிற இத்தனை சனத்திலும் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். தெரிந்துகொண்டு, நேற்றுப் பின்னேரத்திலிருந்து வாயை இறுக்கி மூடிக்கொண்டிருக்கிறார்.

ஸ்பிரிங்வெளிக்கு மேலே உள்ள அந்தத் தேயிலைத் தோட்ட டிவிஷனில் நேற்று மலை இறங்கிவிட்டது. தொழிலாளர் வரிசை வீடுகளான கீழ் லயமும், அதற்கு மேலே எப்போதோ மூடிப்போட்ட பழைய தேயிலை ஃபெக்டரியும் ஒரே மண்ணுக்குள் போய்விட்டன. இரண்டுக்கும் நடுவே ஒரு கூப்பிடு தூரம். எச்சரிக்கை வந்ததும் லயத்துச் சனம் தட்டுமுட்டுச் சாமான்களோடு இறங்கி, பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தப்பிக்கொண்டது. வராமல் போனது வீரய்யா ஒருவர்தான். தோண்டுவதற்கு வந்திருப்பதும் ஒரே ஒரு பெக்கோதான். மழை மறுபடி கனத்தால் அதையும் நிறுத்திவிடுவோம் என்று ஆமி அதிகாரி விடியற்காலையிலேயே சொல்லிவிட்டார்.

பதுளை பழைய சினிமாக் கருவிகள் பாதுகாப்புச் சங்கம். பெயர்தான் நீளம், ஆள் கட்டை. தலைவர், செயலாளர், பொருளாளர் மூன்று கதிரையிலும் அலவியே உட்கார்ந்திருக்கிறார் என்று பசாரில் கிண்டல் பண்ணுவார்கள். அவருடைய ஹார்ட்வெயார் கடையில் ஆணி வாங்க வந்தவன்கூட புரொஜெக்டர் கதை கேட்காமல் வெளியே போக முடியாது. வீட்டில் லரீபா சொல்வதோ வேறு மாதிரி. "ஊரில ஆம்பளையளுக்கு சின்ன வீடு இரிக்கும். இந்த மனிசனுக்குப் பெரிய இரும்பு இரிக்கி" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். மூடிய தியேட்டர்களில் இரும்புக் கடைக்குப் போகவிருந்த மெஷின்களைக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிவந்து, தோட்டத் துரையிடம் கேட்டு அந்த ஃபெக்டரியின் மேல்மாடியில் வைத்திருந்தார்கள். கொழுந்து வாட்டுவதற்கென்றே கட்டிய மாடி அது. ஊரெல்லாம் மூடுபனியில் நனைந்தாலும் அங்கே மட்டும் ஈரம் ஏறாது. புரொஜெக்டரின் கண் அதன் லென்ஸ்தான். பதுளைக் குளிரில் லென்ஸில் பூஞ்சணம் பிடித்தால் மெஷின் குருடு.

அந்தக் கண்களைக் காத்தவர் வீரய்யா. ஃபெக்டரி ஓடிய காலத்தில் அங்கே ஃபிட்டராக இருந்த மனிதர். வேலை போன பிறகும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஏறிப்போய்த் துடைத்து, எண்ணெய் விட்டு, லென்ஸ்களை உலர்ந்த தேயிலைத்தூள் பொட்டலங்களோடு தகரப் பெட்டியில் அடுக்கி வைப்பார். தூள் ஈரத்தைக் குடித்துவிடும் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. சங்கத்திடமிருந்து ஒரு சதம் வாங்கியதில்லை. ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுத்தால் அடுத்த கிழமை பதிலுக்கு ஒன்று வாங்கிக் கொடுக்காமல் விடமாட்டார். அப்படி ஒரு ரோசம்.

நேற்று அலவி லொறியோடு வந்தபோது லயத்துச் சனம் அரைவாசி இறங்கியிருந்தது. வீரய்யா தன் சாமான்களை அப்படியே போட்டுவிட்டு, நாலு பேரைக் கூட்டிக்கொண்டு மெஷின்களை இறக்கி ஏற்றினார். லொறி கிளம்பிக் கொஞ்சத் தூரம் நகர்ந்த பிறகுதான் அலவி ஜன்னலால் தலையை நீட்டிக் கேட்டார்.

"வீரய்யா, லென்ஸ் பெட்டி எங்க?"

வீரய்யா தலையில் கைவைத்துக்கொண்டார். "அடடா, மாடியிலயே இருக்குங்க நானா. நீங்க போங்க, நான் எடுத்துக்கிட்டுக் குறுக்கால வந்துர்றேன்."

வேண்டாம் என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்லியிருக்க வேண்டும். அலவி சொன்னது வேறு.

"கெதியா வாங்க, நேரமில்ல."

கேள்விதானே கேட்டேன், போ என்று சொல்லவில்லையே. இந்த நியாயத்தை அவர் எத்தனையோ தரம் புரட்டிப் பார்த்துவிட்டார். நாறியது. மெஷின்கள் இப்போது பசாரில், அவருடைய கடையின் பின்னறையில், தார்ப்பாய்க்கடியில் சொட்டு நனையாமல் நிற்கின்றன. அதை நினைக்கும்போது தன் மேலேயே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

நேற்றே சொல்லத்தான் போனார். பள்ளிக்கூட வராந்தாவில் வீரய்யாவின் மனைவி ஜெயலெட்சுமி மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். "நான்தாங்க அனுப்புனேன். பிரஷர் மாத்திரைய வச்சிட்டு வந்துட்டேன்னு சொன்னேன். சும்மாதாங்க சொன்னேன். அதுக்குத்தான் திரும்பிப் போயிருக்காரு, பாவி மனுசன்." சுற்றியிருந்த எல்லோரும் அதை நம்பினார்கள். தோட்டத் தலைவர் சுரேஸ் அதிகாரியிடம் அதையே சொன்னார். பெக்கோவும் அந்தப் பக்கமே போனது. அவள் அழுத அழுகையைப் பார்த்து அலவி வராந்தாப் படியிலேயே திரும்பிவிட்டார். வீரய்யா அப்படியே வீட்டுக்குப் போனாலும் போயிருப்பார் என்று தனக்குத்தானே ஒரு கதை கட்டிக்கொண்டார். பயம்தான், வேறொன்றுமில்லை. இந்தச் சனத்தின் முகத்தில் இனி எப்படி விழிப்பது என்கிற கேவலமான பயம்.

இப்போது பெக்கோ ஒரு தகரத்தைப் பிய்த்து வெளியே எறிந்தது. அடியில் மண். அதற்கும் அடியில் மண். பக்கத்தில் நின்ற சுரேஸ் தனக்குள் பேசுவதுபோல் சொன்னார்.

"லயத்துல இருந்திருந்தா ஒன்னும் மிஞ்சாது நானா. எல்லாம் செங்கல்லும் தகரமும். மேல ஃபெக்டரின்னாலும் கூரையத் தாங்குற இரும்பு வளை இருக்கு. அடியில மூச்சு விட எடம் கெடைக்கும்."

அலவி நிமிர்ந்து, மேலே ஃபெக்டரி இருந்த மேட்டைப் பார்த்தார். யா அல்லாஹ், விடிந்ததிலிருந்து என்ன காரியம் செய்துகொண்டிருக்கிறேன். கயிறு கட்டிய எல்லையோரம் ஒரு சீமெந்துக் கட்டையில் உட்கார்ந்திருந்த ஜெயலெட்சுமியிடம் போனார். சுரேஸும் பின்னால் வந்தார்.

"ஜெயலெட்சுமி, நான் ஒண்டு சொல்லணும்."

"சொல்லுங்க நானா."

"அவர் ஊட்டுக்குப் போகல்ல. ஃபெக்டரிக்குத்தான் போனார். லென்ஸ் பெட்டி எங்கெண்டு நான்தான் கேட்டன். எடுக்கத்தான் திரும்பிப் போனார்."

சுரேஸ் அவருடைய சேர்ட்டைக் கொத்தாகப் பிடித்தார். "எப்ப தெரியும் ஒங்களுக்கு?"

"நேத்தே தெரியும்."

ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. பிறகு சேர்ட்டை விட்டுவிட்டு, சுரேஸ் கீழே துப்பினார். "காலையிலேர்ந்து வெறும் தகரத்தத் தோண்டிக்கிட்டு இருக்கோம்யா" என்றார். நானா என்கிற மரியாதை வார்த்தை அவர் வாயிலிருந்து போய்விட்டது. அடித்திருந்தால்கூட அலவிக்கு இவ்வளவு வலித்திருக்காது.

ஜெயலெட்சுமி அழவில்லை. ஏசவுமில்லை.

"அப்ப என் மாத்திரைக்குப் போகலயா?"

அலவி இதை எதிர்பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால் அவள் தலைப்பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தார். அவளிடம் மிஞ்சியிருந்த ஒன்றையும் பிடுங்கிவிட்டோம் என்பது அந்த முகத்தைப் பார்த்தபோதுதான் விளங்கியது. போகிற வழியில் மாத்திரையையும் எடுத்துவருகிறேன் என்றார் என்று ஒரு பொய் சொல்லலாம். நுனி நாக்குவரை வந்துவிட்டது. சொன்னால் பெக்கோ இங்கேயே நின்றுவிடும். இல்லை என்று தலையாட்டினார்.

"கட்டிக்கிட்டு வந்த நாள்லேர்ந்து நான் கேட்டு ஒரு சாமான் எடுத்தாந்ததில்ல அந்த மனுசன்" என்றாள் அவள். "இந்தத் தடவையாவது போயிருக்காருன்னு நெனச்சேன்."

சுரேஸ் ஓடிப்போய் அதிகாரியிடம் பேசினார். அதிகாரி அலவியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். கறுத்துக்கொண்டு வந்தது. இன்னொரு தடவை இடம் மாற்றி மாற்றித் தோண்ட நேரமில்லை, எந்தப் பக்கம் என்று வீட்டு ஆளே சொல்லட்டும் என்றார். சுரேஸ் அதைத் தமிழில் சொன்னார். எல்லோரும் ஜெயலெட்சுமியின் பக்கம் திரும்பினார்கள்.

அவள் எழுந்து, கயிற்றைத் தூக்கிக் குனிந்து உள்ளே போனாள். யாரும் தடுக்கவில்லை. சேற்றில் கணுக்கால் புதைய நடந்து, வாசல் இருந்திருக்க வேண்டிய இடத்தில் போய் நின்றாள். பெக்கோ ஓட்டுகிற சிங்களப் பையன் எஞ்சினின் வேகத்தைக் குறைத்துவிட்டு அவளையே பார்த்தான். அலவி கண்ணை மூடிக்கொண்டு ஓதினார். அவள் வீட்டுப் பக்கம் கையைக் காட்டினாலும் அவளைக் குறை சொல்ல இந்தப் பூமியில் தனக்கு வாயில்லை என்று நினைத்தார். கண்ணைத் திறந்தபோது அவள் கை உயர்ந்திருந்தது. மேலே, ஃபெக்டரிப் பக்கம்.

பெக்கோ வீட்டு மண்ணிலிருந்து வாளியை உருவி எடுத்துக்கொண்டு திரும்பியது. வாளிப் பற்களில் ஒரு நீலச் சேலை மாட்டியிருந்தது. சேற்றில் தோய்ந்த பாதி தொங்க, மீதிப் பாதி காற்றில் விரிய, அது மெல்ல மெல்ல மேட்டில் ஏறிப் போனது.